அத்தியாயம் 6: கண்ணுக்குப் பிடித்த சப்பாத்து, காலுக்குப் பிடித்த சப்பாத்து

இந்த அத்தியாயம் ஒரே ஒரு வகைச் சப்பாத்தைப் பற்றியது. ஒரு காலத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களுக்காகச் செய்யப்பட்டு, பிறகு மைதானத்தை விட்டு வெளியே வந்து, இன்று உலகம் முழுக்கத் தெருவில் நடக்கிற சப்பாத்து. 1917இல் வந்த கொன்வர்ஸ் ஓல் ஸ்டார், 1969இன் அடிடாஸ் சூப்பர்ஸ்டார், நியூயோர்க் வீரர் வோல்ட் ஃப்ரேசியரின் பட்டப்பெயரில் 1973இல் வந்த பூமா க்ளைட், அதே காலத்து நைக்கி ப்ளேசர், 1982இன் எயார் ஃபோர்ஸ் 1, 1985இல் வந்த எயார் ஜோர்டன் 1, டங்க், 1989இல் வந்து மறைந்து 2020இல் திரும்பிய நியூ பெலன்ஸ் 550. பெயர் தெரியாதவருக்கும் உருவம் தெரியும். தட்டையான அடி, உருண்ட மூக்கு, பக்கவாட்டில் ஓர் அடையாளம், கணுக்காலை நோக்கி ஏறும் லேஸ். வரக்காப்பொலையில் கொழும்பு–கண்டி வீதியோரக் கடைகளின் கண்ணாடிக்குள் இவை இருக்கும், அல்லது இவற்றின் கொப்பி இருக்கும்.

இவற்றைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள். துல்ஹிரியவில் ஆடைத் தொழிலுக்குப் போகிறவர்கள், கொழும்பில் கடைகளில் நிற்கிறவர்கள், எட்டியாந்தோட்டை, தெரணியகல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கம்பஸ் போகிறவர்கள். "இந்தக் காசுக்கு ஒரு மாதச் சாமான் வாங்கலாமே" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்கிறவர்களின் கணக்கும் நியாயமானதுதான். ஆனால் அழகான சப்பாத்துக்கு ஆசைப்படுவதை நான் வீண் ஆசை என்று சொல்லமாட்டேன், அதிலும் இந்தக் கேகாலை மாவட்டத்தில்.

ஏனென்றால் இந்தச் சப்பாத்துகளின் உயிரே ரப்பர். ஆசியாவிலேயே முதன்முதலாக ரப்பர் மரம் வேர் பிடித்த இடங்களில் ஒன்று, இங்கிருந்து கொழும்புப் பக்கம் போகும் வழியில் கம்பஹாவில் இருக்கும் ஹேனரத்கொட தாவரவியல் பூங்கா. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகள் அங்கே நடப்பட்டன. பிறகு கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மலைச்சரிவுகள் எல்லாம் ரப்பர் ஆயின. விடியலின் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டோடு எழுந்து சரிவுகளில் ஏறி இறங்கி மரம் மரமாகப் பால் வெட்டிய பாட்டன் பாட்டிமார், சிரட்டையில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிச் சுமந்தபோது காலில் ஒன்றும் இல்லை. கல், முள், அட்டை எல்லாவற்றையும் வெறுங்காலில்தான் தாண்டினார்கள். அவர்கள் வெட்டிய பாலிலிருந்து வந்த வெளிர் க்ரேப் ரப்பர் சப்பாத்து அடிகளுக்காகவே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 'சோல் க்ரேப்' என்ற பெயரில் இன்றும் ஏறுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை நல்ல ரப்பர் அடியுள்ள சப்பாத்தை விரும்பி வாங்கட்டும். வாங்கும்போது காலை நோகடிக்காமல் வாங்கட்டும் என்பதுதான் என் கவலை.

எதை விட்டுக்கொடுக்கலாம்

அழகா, சௌகரியமா என்று இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்பது கடைக்குள் நிற்கும்போது உதவாது. கண் எப்போதும் வென்றுவிடும். அதைவிட வேறொரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சப்பாத்தில் எனக்குப் பிடிக்காதது, வாங்கியபின் மாற்றக்கூடியதா, மாற்ற முடியாததா?

மாற்றக்கூடியவை சில. உள்ளே போடும் மெத்தை மெல்லியதாக இருந்தால் வேறு வாங்கிப் போடலாம். லேஸ் கட்டும் விதத்தை மாற்றலாம். சொக்ஸின் தடிப்பை மாற்றலாம். தோல் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் அது இளகும். மாற்ற முடியாதவை நான்கு: அகலம், நீளம், எடை, அடி கட்டப்பட்டிருக்கும் முறை. இந்த நான்கில் ஒன்று உங்கள் காலுக்கு ஒத்துவரவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். நான்கும் சரியென்றால், மீதி எல்லாவற்றிலும் கண் சொல்வதைக் கேளுங்கள். நிறம், அடையாளம், உயரம் எதையும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அகலம்

நான்கிலும் நம்மவர்களுக்கு அதிகம் தொல்லை தருவது அகலம். சிறு வயதில் வெறுங்காலோடு அல்லது பாட்டாச் செருப்போடு ஓடி வளர்ந்த காலின் முன்பக்கம் விரிந்திருக்கும். இது குறையல்ல. தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதங்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, சப்பாத்துப் போட்டு வளர்ந்த மேற்கத்தியரைவிட அவர்களின் முன்பாதம் அகலமானது, உடல் பாரம் பாதத்தில் சீராகப் பரவுகிறது என்று கண்டது. அதற்கும் முன்னால், 1992இல், மணிப்பால் மருத்துவர்கள் 2300 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில், தட்டைப்பாதம் சப்பாத்துப் போட்டவர்களில் 8.6 சதவீதமும் போடாதவர்களில் 2.8 சதவீதமும் இருந்தது. ஆக, வெறுங்கால் வளர்ப்பு நல்ல பாதத்தைத்தான் தந்திருக்கிறது. அந்தப் பாதத்தை ஒடுக்கமான சப்பாத்துக்குள் திணிப்பதுதான் தவறு.

வீட்டில் அளந்துகொண்டு போங்கள். வேலை முடிந்து வந்த மாலை நேரம் நல்லது, ஏனென்றால் அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பழைய கொப்பித்தாள் ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் முழுப்பாரத்தோடு எழுந்து நின்று, வேறொருவரைப் பென்சிலால் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். உட்கார்ந்துகொண்டு வரைந்தால் அளவு குறைந்துவிடும். இரண்டு காலையும் வரையுங்கள். ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருந்தால் பெரிய காலே கணக்கு. பிறகு அந்த உருவத்தை வெட்டியெடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சப்பாத்தின் உள்மெத்தை கழன்று வருமென்றால் அதை வெளியே எடுத்து, உங்கள் கடதாசிப் பாதத்தை அதன்மேல் வையுங்கள். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் முட்டிப் பக்கமோ கடதாசி வெளியே நீட்டினால், உங்கள் காலும் அங்கே நீட்டிக்கொண்டு சப்பாத்தின் பக்கச்சுவரில் இடிக்கும். மெத்தை ஒட்டியிருந்தால் சப்பாத்தின் அடியைக் கடதாசிமேல் வைத்துப் பாருங்கள். அது அவ்வளவு துல்லியம் இல்லை, ஆனால் ஒன்றும் இல்லாததைவிட மேல்.

பொதுவாகச் சொன்னால், ப்ளேசர் ஒடுக்கம். ஓல் ஸ்டாரும் ஒடுக்கமானதுதான், ஆனால் துணி என்பதால் கொஞ்சம் இடம் கொடுக்கும். சூப்பர்ஸ்டாரின் மூக்கில் இருக்கும் சிப்பி வடிவ ரப்பர் மூடி இளகவே இளகாது. ஆட்டத்தில் விரல் மிதிபடாமல் காப்பதற்காக வைத்தது அது. அதற்குள் விரல்கள் தாராளமாக அசையாவிட்டால் அந்தச் சோடி உங்களுக்கல்ல. எயார் ஃபோர்ஸ் 1இன் முன்பக்கம் தாராளம், விரிந்த காலுக்கு இவற்றில் அதிகம் ஒத்துவருவது அதுதான். ஆனால் அதன் எடை வேறு கதை, பிறகு வருகிறேன்.

"போடப் போடச் சரியாகும் தம்பி" என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. தோல், பாதத்தின் மேற்பக்கம் மடியும் இடத்தில் இளகும், அகலத்தில் மிகக் கொஞ்சம் விரியும். நீளம் ஒருநாளும் கூடாது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இல்லையென்றால், நகம் கறுத்து, இறக்கத்தில் நடக்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கும். தோட்டத்து வீடுகளுக்குப் போகும் பாதை எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். கடையில் சமதரையில் நாலு அடி வைத்துப் பார்த்தால் இது தெரியாது. கடை வாசலில் படி இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள்.

இலக்கத்தை நம்பி ஏமாறுவதும் உண்டு. நாம் பழகியது இங்கிலாந்து இலக்கம். ஆண்களுக்கான அமெரிக்க 9 என்பது நைக்கியில் இங்கிலாந்து 8, அடிடாஸில் 8½, கொன்வர்ஸில் 9. பெட்டியில் உள்ள ஒரே எண்ணைப் பார்த்து வாங்கினால் ஒரு முழு இலக்கம் பிசகலாம். நாக்கின் உட்பக்க லேபிளில் சென்ரிமீற்றரில் ஓர் எண் இருந்தால் அதுவே ஓரளவு நேர்மையான எண். அதோடு, ஓல் ஸ்டார், சூப்பர்ஸ்டார், எயார் ஃபோர்ஸ் 1 மூன்றும் வழக்கமான இலக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வருபவை என்று பெயர் பெற்றவை. அரை இலக்கம் குறைத்தும் போட்டுப் பாருங்கள்.

அடியும் எடையும்

பழைய கூடைப்பந்துச் சப்பாத்துகளில் அடி இரண்டு விதமாகக் கட்டப்பட்டிருக்கும். ஓல் ஸ்டாரிலும் ப்ளேசரிலும் மெல்லிய ரப்பர் அடியை ஒட்டி, சுற்றிலும் ரப்பர் பட்டி கட்டி, சூட்டில் வேகவைத்துப் பிணைப்பார்கள். சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்த, கந்தகமும் சூடும் சேர்த்து ரப்பரை உறுதியாக்கும் முறையின் நேர் வாரிசு இது. இப்படிக் கட்டிய அடி மெல்லியது, நன்றாக வளையும், தரை காலுக்குத் தெரியும். சூப்பர்ஸ்டார், எயார் ஃபோர்ஸ் 1, ஜோர்டன் 1, டங்க் ஆகியவற்றில் அடி கிண்ணம்போல வார்க்கப்பட்டு, மேற்பகுதி அதற்குள் இறங்கி, சுற்றிலும் நூலால் தைக்கப்பட்டிருக்கும். இது கனமானது, விறைப்பானது, உள்ளே மெத்தை வைக்க இடமுள்ளது. எயார் ஃபோர்ஸ் 1இல் குதிக்காலுக்குக் கீழே காற்றடைத்த பையும் உண்டு. நைக்கி கூடைப்பந்துச் சப்பாத்தில் அதை முதலில் வைத்தது அதில்தான்.

ஒரு நாளில் நீங்கள் நடப்பது அதிகமா, நிற்பது அதிகமா என்று யோசியுங்கள். ஆலையிலோ கடையிலோ சீமெந்துத் தரையில் எட்டு மணித்தியாலம் நிற்பவருக்குச் சாதாரண ஓல் ஸ்டார் ஏற்றதல்ல. அதன் அடி மட்டமானது, பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் இல்லை, மாலைக்குள் குதிக்கால் எரியத் தொடங்கும். அந்த உருவத்தில்தான் மனம் நிற்கிறது என்றால், 2013இல் வந்த சக் 70ஐத் தேடுங்கள். துணி தடித்தது, பட்டி உயரமானது, உள்மெத்தை நல்லது. விலை கூடும்தான். நின்று வேலை செய்பவருக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது தகும் என்பேன். எடை அங்கே பெரிய குறையல்ல, ஆகவே எயார் ஃபோர்ஸ் 1உம் நிற்பவருக்கு நல்லதே.

நடப்பவருக்குக் கணக்கு தலைகீழ். பிரதான வீதியில் பஸ்ஸால் இறங்கி, தோட்டத்துப் பாதையில் மேலும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஏற வேண்டியவருக்கு எயார் ஃபோர்ஸ் 1 பாரம். ஒவ்வோர் அடியிலும் தூக்க வேண்டிய பாரம் அது. விறைத்த அடி ஏற்றத்தில் குதிக்காலை விட்டு நழுவும், அங்கேதான் கடிக்கும். இவர் இலகுவான, வளையும் அடியுள்ளதை எடுத்து, உள்ளே நல்ல மெத்தை ஒன்று போட்டுக்கொள்வதே மேல். கனத்தை யாராலும் குறைக்க முடியாது, மெல்லிய அடிக்கு மெத்தை சேர்க்கலாம்.

கணுக்கால் வரை ஏறும் உயரச் சப்பாத்து சுளுக்கைத் தடுக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் நிறையப் பேர். 1993இல் வெளியான ஓர் ஆய்வில் 622 கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் உயரமானதையும் தாழ்வானதையும் கொடுத்துப் பார்த்தபோது, சுளுக்கில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. உயரமானது அழகுக்காகவே. அழகுக்காக என்று தெரிந்து வாங்கினால் அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதைப் போடவும் கழற்றவும் நேரமெடுக்கும். கோயில் வாசலிலும், செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் நம் வீடுகளிலும் ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து லேஸ் அவிழ்ப்பீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பாடசாலை மைதானத்தில் உண்மையாகவே கூடைப்பந்து ஆடப் போகிறீர்கள் என்றால் இவற்றில் எதையும் வாங்காதீர்கள். அந்தந்தக் காலத்தில் இவை உச்சம். இன்றைய ஆட்டச் சப்பாத்தின் மெத்தையும் பிடிப்பும் இவற்றுக்கு இல்லை, சீமெந்துத் தளத்தில் குதித்து இறங்கும் முழங்காலுக்கு அது தெரியும்.

மழை

வரக்காப்பொல ஈரவலயம். வருடத்துக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வலயம். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஒருபக்கம், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழை மறுபக்கம். அமெரிக்காவின் காய்ந்த உள்ளரங்குக்காகச் செய்த பொருள் இங்கே வரும்போது அதன் பலவீனம் எல்லாம் வெளியே வரும்.

ஸ்வேட் என்னும் மயிர்த்தோல்தான் இதில் முதலில் தோற்கும். பூமா க்ளைட் இவற்றில் மிக அழகானது என்பது என் எண்ணம். ஆனால் ஒரு நல்ல மழையும் செம்மண்ணும் சேர்ந்தால் அந்த மென்மை திரும்பாது. அதை வாங்குபவர் வேறொரு சோடியும் வைத்திருக்க வேண்டும். வழவழப்பான தோல் மழையைத் தாங்கும், ஆனால் அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் இரண்டு கிழமையில் பச்சையாகப் பூஞ்சணம் பூக்கும். துணி நனைந்தாலும் சீக்கிரம் காயும். தினமும் போடுவதற்கு இந்த ஊரில் நான் துணிக்கே முதலிடம் தருவேன்.

எல்லாவற்றையும்விட மறைந்திருந்து கெடுப்பது பொலியூரிதேன். ஜோர்டன் 3, ஜோர்டன் 4 போன்ற சப்பாத்துகளில் அடியின் நடுப்பகுதி பொலியூரிதேன் நுரை. காற்றிலுள்ள ஈரமே அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவிடும். போடாமல் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாலும் சிதையும், போட்டு நடப்பதைவிட விரைவாகவே சிதையும். வெளியே புத்தம் புதிதாகத் தெரியும், முதல்நாள் பஸ் படியில் கால் வைத்ததும் அடி பிட்டுப் பிட்டாக உதிரும். புறக்கோட்டையிலோ வேறெங்கோ பாவித்த சப்பாத்து வாங்கும்போது நடு அடியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல நுரை அமுங்கி மீளும். அழுத்திய இடம் அப்படியே குழிந்து நின்றாலோ, கோடு கோடாக வெடித்தாலோ, விரலில் மாவாக ஒட்டினாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரப்பர் அடியும் தைத்த பக்கமும் உள்ள பழைய சூப்பர்ஸ்டார் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் பாவித்த சப்பாத்து முந்தியவரின் பாதத்துக்கு ஏற்பப் பழகியது. குதிக்கால் ஒருபக்கம் தேய்ந்திருந்தால் உங்கள் முழங்காலும் அந்தப் பக்கம் சாயும்.

கொப்பி பற்றியும் ஒரு வார்த்தை. அசலின் விலை எட்டாதவர் கொப்பி வாங்குவதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை, ஆனால் கண் திறந்து வாங்க வேண்டும். அடியைச் சுற்றி இருக்கும் தையலை நகத்தால் நெருடுங்கள். பல கொப்பிகளில் அது நூலல்ல, தையல்போல வார்த்த ரப்பர் மேடு. அப்படியென்றால் அந்தச் சப்பாத்து பசையை மட்டுமே நம்பி நிற்கிறது, முதல் மழைக்காலத்தில் வாய் பிளக்கும். உள்மெத்தையைக் கிளப்பிக் கீழே பாருங்கள். தேன்கூட்டு வடிவில் வெற்றுக் குழிகள் இருந்து நுரை எதுவும் இல்லையென்றால், அதில் நின்று வேலை செய்ய முடியாது. அதே பணத்துக்கு டிஎஸ்ஐயோ பாட்டாவோ இங்கேயே விற்கும் சாதாரணத் துணிச் சப்பாத்து நேர்மையான பொருள். கூடைப்பந்துப் பெயர் அதில் இருக்காது, உருவம் ஏறக்குறைய அதேதான்.

வாங்கியபின்

புதிய தோல் சப்பாத்தை வேலைக்குப் போட்டுப் பழக்காதீர்கள். வீட்டுக்குள் தடித்த சொக்ஸோடு மாலையில் ஒரு மணித்தியாலம் போட்டு நடங்கள், ஒரு கிழமை இப்படிச் செய்தால் போதும். குதிக்கால் மேலே எழும்பித் தேய்ந்தால், லேஸைக் குறுக்கே எடுக்காமல் அதே பக்கக் கடைசி ஓட்டையில் விட்டு ஒரு வளையம் அமைத்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்குங்கள். குதிக்கால் அசையாது. பாதத்தின் மேற்பக்கம் உயர்ந்தவர்களுக்கு நாக்கு அழுத்தும். அழுத்தும் இடத்துக்கு நேரே உள்ள இரண்டு ஓட்டைகளைக் குறுக்கே கட்டாமல் பக்கத்தாலேயே மேலே ஏற்றிவிடுங்கள்.

நனைந்து வந்த சப்பாத்தை அடுப்படியில் புகைக்கு மேலே தொங்கவிடும் பழக்கம் லயங்களில் உண்டு. சூட்டில் பசை விடும், தோல் வெடிக்கும், ரப்பர் பட்டி சுருங்கும். செம்மண் பட்டிருந்தால் ஈரத்தோடு தேய்க்காமல், காயவிட்டு, பழைய பற்தூரிகையால் உதிர்த்த பிறகு துடையுங்கள். வெள்ளைத் துணியைச் சவர்க்காரம் போகும்வரை நன்றாக அலசுங்கள், இல்லாவிட்டால் காயும்போது மஞ்சள் படியும். லேஸைக் கழற்றி, உள்மெத்தையை வெளியே எடுத்து, நாக்கை முழுக்க இழுத்துவிட்டு, உள்ளே பத்திரிகைத்தாளைக் கசக்கித் திணித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் தாள் நனைந்துவிடும், வேறு மாற்றுங்கள். மழைக்காலத்தில் முழுதாகக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். மறுநாள் விரலை மூக்குவரை விட்டுத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் இருந்தால் மற்றச் சோடியைப் போட்டுக்கொண்டு போங்கள்.